சாவடியில் நின்ற வீட்டு வேன்

புதுச்சேரி முத்தியால்பேட்டையைத் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர், பத்து கிலோமீட்டருக்குள் இரண்டு முறை மாநிலம் மாறிவிடுவார். கோட்டக்குப்பம் தமிழ்நாடு. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. அங்கே முதலில் வரும் ஊர் பிள்ளைச்சாவடி. பிரெஞ்சுக்காரர் கையில் துண்டு துண்டாக இருந்த நிலம் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் முடிந்தது. துண்டுகள் மட்டும் இன்னும் துண்டுகளாகவே இருக்கின்றன. பலகை பார்க்காமல் எல்லையைக் கண்டுபிடிக்க பெட்ரோல் பங்குக் கூட்டத்தைப் பார்த்தால் போதும்.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். மாட்டு வண்டியை அவிழ்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, அச்சுக்குக் கீழே தொங்கிய லாந்தரைக் கழற்றித் திண்ணையில் வைத்துப் படுப்பார்கள். இந்தக் கரையில் சாவடி என்று முடியும் ஊர்கள் வரிசையாக இருப்பதிலிருந்தே இது பழைய பயணப் பாதை என்று தெரிகிறது. இன்றைக்கு திண்ணையும் இல்லை, லாந்தரும் இல்லை. வழிப்போக்கர் வீட்டையே கூடக் கொண்டு வருகிறார். ஆரோவில் பக்கம் வரும் வெளிநாட்டவரிடம்தான் முன்பெல்லாம் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி வைத்த வேன்களைப் பார்க்க முடியும். இப்போது நம் ஊர்க்காரர்களும் அப்படிக் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் விவசாயிகளும் உண்டு.

அப்படி ஒரு வேன் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை பிள்ளைச்சாவடியில் வந்து நிற்கும். செங்கம் பக்கத்துக் கணவன் மனைவி. சொந்தக் கொட்டகையில் சிப்பிக்காளான் வளர்க்கிறார்கள். கூடவே கீரை, நாட்டுக்கோழி முட்டை, செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். புதுச்சேரியில் வாடிக்கை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதியைச் சென்னைக்குக் கொண்டு போவார்கள். மகள் இங்குள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2020-க்கு முன்பு பொறியியல் கல்லூரி என்றே ஊர் அறிந்த வளாகம் அது. மகளைப் பார்த்தது போலவும் ஆயிற்று, லாட்ஜ் செலவும் மிச்சம் என்று வேனிலேயே படுத்துக்கொள்வார்கள்.

வேன் ஒரு பழைய பள்ளி வண்டி. இருக்கைகளை எடுத்துவிட்டுப் பலகைக் கட்டில், பன்னிரண்டு வோல்ட் குளிர்பெட்டி, ஒரு மின்விசிறி, நாலு விளக்கு, தண்ணீர் மோட்டார் வைத்திருந்தார். (இப்படி மாற்றும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வாங்காமல் ஓட்டி விபத்தானால் காப்பீடு கிடைப்பது சந்தேகம்.) கூரையில் 330 வாட் சோலார் தகடு ஒன்று. கட்டிலுக்குக் கீழே 150 ஆம்பியர்-ஹவர் டியூப்ளர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைப்போமே அதே வகை. எடை கிட்டத்தட்ட 55 கிலோ.

முதல் ஆறு மாதம் பிரச்சினை இல்லை. பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு குளிர்பெட்டி நின்றுவிடும். சிப்பிக்காளானை நாலைந்து டிகிரி குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். வேனுக்குள் இருக்கும் வெக்கையில் அரை நாளில் மஞ்சள் பூத்து நீர் விட்டுவிடும். இரண்டு நடையில் காளானை மண்ணில் கொட்டிய பிறகு, "இந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு லித்தியம் வாங்குங்க" என்று மனைவியே சொல்லிவிட்டார். கடைக்காரரும், "பழையதைக் கழட்டிட்டு அதே வயர்ல இதை மாட்டிக்கோங்க, அவ்வளவுதான்" என்றார். பழைய பேட்டரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்து 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் வாங்கி, அதே இடத்தில், அதே கம்பியில் மாட்டினார்.

அடுத்த மாதம் திண்டிவனம் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்த வேன், பிள்ளைச்சாவடிக்குள் நுழையும்போது முன்பக்கம் கருகல் வாசனை. வண்டியின் ஆல்டர்னேட்டர் எரிந்து போயிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் கடை எதுவும் திறக்காது.

ஊருக்குள் விசாரித்ததில் படகுகளுக்கு மின்வேலை பார்க்கும் ஒருவரைக் காட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின கரை இது. படகில் விளக்கு, திசை காட்டும் ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு வோல்ட்தான். வேனுக்கும் அதுவேதான். அவர் வேனுக்குள் தலையை விட்டு, ஒரு மல்டிமீட்டரும் டார்ச்சும் வைத்து கால் மணி நேரம் பார்த்தார். பிறகு வேன்காரரிடம் கேட்ட முதல் கேள்வி பேட்டரியைப் பற்றியதே இல்லை.

"அண்ணே, ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் செலவு பண்றீங்க, எவ்வளவு உள்ளே வருதுன்னு கணக்குப் போட்டீங்களா?"

போடவில்லை. மகள் விடுதியிலிருந்து வந்திருந்தாள். அவள் நோட்டில் எழுத, அங்கேயே கணக்குப் பார்த்தார்கள். குளிர்பெட்டி இந்த வெயிலில் நாளைக்கு 50 ஆம்பியர்-ஹவர். மின்விசிறி எட்டு மணி நேரத்துக்கு 12. விளக்கு, செல்போன், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து 12 அல்லது 13. மொத்தம் 75.

வரவுப் பக்கம் பார்த்தபோதுதான் பழைய பேட்டரி செத்த காரணம் தெரிந்தது. 330 வாட் தகடு சுமார் 37 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும். வேனில் இருந்த சார்ஜ் கன்ட்ரோலர் விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை. அது தகட்டின் வோல்ட்டைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்து இறக்கிவிடும், ஆம்பியரைக் கூட்டாது. 37 வோல்ட்டில் வர வேண்டிய சக்தி 13 வோல்ட்டில், அதே 9 ஆம்பியராக மட்டும் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு வெயில் வீண். நாலரை மணி நேர நல்ல வெயிலுக்கு 40 ஆம்பியர்-ஹவர் வரவு, 75 செலவு. ஓடும்போது வண்டி கொடுத்தது கொஞ்சம் ஈடுகட்டியது. நின்ற நாளில் பற்றாக்குறைதான்.

ஆசிட் பேட்டரி அரை வயிற்றோடு நாள் கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. ஆக, பேட்டரி மோசம் என்று தூக்கிப் போட்டது முழு உண்மை இல்லை. தீவனம் போடாமல் கறவை வற்றிவிட்டது என்று மாட்டை விற்றுவிட்டு, விலை கூடிய மாட்டை அதே காலித் தொட்டியில் கட்டியது போன்ற வேலை அது. இந்தத் தவறு வேன்காரர்களோடு நிற்பதில்லை. சோலார் வேலி போட்ட தோட்டங்களில், இரவுக் காவல் கொட்டகைகளில், வீட்டு இன்வெர்ட்டர்களில் தினமும் நடக்கிறது.

கன்ட்ரோலரை எம்பிபிடி வகைக்கு மாற்றினால் அதிக வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். அதே தகடு, அதே வெயில், இழப்பெல்லாம் போக நாளைக்கு சுமார் 85 ஆம்பியர்-ஹவர் உள்ளே வரும். படகு எலெக்ட்ரீஷியன் அதைத்தான் முதலில் வாங்கச் சொன்னார். அதில் 'லித்தியம்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிட் பேட்டரிக்கான அமைப்பில் விட்டால், சல்பேட்டை உடைக்க அவ்வப்போது 15 வோல்ட் வரை ஏற்றும். லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட்டே எல்லை. அதைத் தாண்டினால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை, அதாவது பிஎம்எஸ், இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரி திடீரென்று விலகினால் கன்ட்ரோலரும் மற்ற கருவிகளும் கெட வாய்ப்புண்டு.

எரிந்த ஆல்டர்னேட்டருக்கு வருவோம். பழைய அமைப்பில் இன்ஜின் ஓடும்போது வண்டி பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் ஒரு ரிலே சேர்த்துவிடும். ஆசிட் பேட்டரிக்கு உள்தடை அதிகம். முதலில் கொஞ்சம் வேகமாக வாங்கி, பிறகு மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு. காலியாக இருந்தால் ஆல்டர்னேட்டர் கொடுப்பது முழுவதையும் ஒரே மட்டத்தில், கிட்டத்தட்ட நிரம்பும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும். நெரிசலில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரின் விசிறிக்கும் காற்று இல்லை. முக்கால் மணி நேரம் முழுச் சுமை, குளிர்ச்சி கிடையாது. சுற்றுக்கம்பி கருகாமல் என்ன செய்யும்?

இதற்கு வழி ரிலேவை எடுத்துவிட்டு இரண்டுக்கும் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜர் வைப்பது. வாய்க்காலில் மடை வைப்பது போல. 30 ஆம்பியர் என்று வைத்தால் அதற்கு மேல் விடாது. இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும். லித்தியத்துக்கு ஏற்ற வோல்ட்டையும் தானே பார்த்துக்கொள்ளும். இந்த ஒரு பெட்டி இல்லாமல் ஓடும் வண்டியில் லித்தியம் வைக்கவே கூடாது. சிலர் செலவை மிச்சம் பிடிக்க இன்ஜின் கிளப்பும் பேட்டரியையும் எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே லித்தியம் வைக்கப் பார்க்கிறார்கள். ஓடும்போது பிஎம்எஸ் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. வோல்ட் எகிறி டயோடு, விளக்கு, மின்னணுப் பலகை எதையும் கெடுக்கும்.

குளிர்பெட்டி திடீரென்று நிற்பதற்கு வேன்காரர் இன்னொரு காரணமும் வைத்திருந்தார். பழைய பழக்கத்தில் வோல்ட் மீட்டரைப் பார்த்தே பேட்டரி நிலையைச் சொல்வார். ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.7, பாதி என்றால் 12.2. லித்தியம் அப்படிச் சொல்லாது. நாலு செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், சேர்ந்து 12.8. முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் 13-ஐ ஒட்டியே நிற்கும். கடைசியில் மளமளவென்று சரிந்து பிஎம்எஸ் அணைத்துவிடும். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கயிறு விட்டுப் பார்க்க முடியாத நிலை. அதனால் உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணிக் கழித்துச் சதவீதம் காட்டும் ஷன்ட் மீட்டர் வேண்டும். இரவு படுக்கும்போது 70 காட்டினால் காளானுக்குக் கவலை இல்லை என்று தூங்கலாம்.

பிறகு உப்பு. இதில் படகுக்காரர்களிடம் பாடம் கேட்காதவர் கடற்கரையில் மின்வேலை செய்யக்கூடாது. வேன்காரர் போட்டிருந்தது வீட்டுக்குப் போடும் வெறும் செம்புக் கம்பி. ஒரு வருடத்தில் முனைகளில் பச்சை பூத்து, கம்பியின் உறைக்குள்ளும் ஒரு சாண் தூரம் கறுத்திருந்தது. கறுத்த இடத்தில் தடை கூடும், சூடு கூடும். படகில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் போடுகிறார்கள். முனையை முறுக்கி டேப் சுற்றாமல் லக் வைத்து அழுத்தி, மேலே சுருங்கும் குழாய் மாட்டி, இணைப்பில் வாசலின் தடவுகிறார்கள். "உப்புக்காத்துக்கு டேப்பு ஒரு சாப்பாடுண்ணே, ரெண்டு மாசத்துல தின்னுடும்" என்றார் அவர்.

ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வேனில் அது மூன்றடி தள்ளி, ஓட்டுநர் பக்கம் இருந்தது. நடுவில் கம்பி உரசி பாடியில் பட்டால் லித்தியம் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். சாதாரண ஃபியூஸ் உருகினாலும் பொறி தாவித் தாவி ஓடிக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு மின்னோட்டத்தையும் அறுக்கக்கூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

லித்தியம் என்றதும் தீப்பிடிக்குமே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. அந்தப் பயத்தில் பாதி நியாயம். லித்தியம் பேட்டரியில் பல வகை. செல்போனிலும் சில மின் ஸ்கூட்டர்களிலும் இருப்பது நிக்கல், கோபால்ட் கலந்த வகை. வீட்டுக்கும் வேனுக்கும் வாங்க வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடையில் எல்எஃப்பி என்பார்கள். எடை கொஞ்சம் கூட, ஆனால் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் கிளம்பாது. இந்தப் பாஸ்பேட்டைப் பேட்டரிக்கு ஏற்றது என்று 1997-ல் கட்டுரையாக வெளியிட்டது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு. கட்டுரையில் முதல் பெயர் அக்ஷய பாதி, அடுத்தது நஞ்சுண்டசாமி. இருவரும் நம் நாட்டவர். குட்இனஃப் 2019-ல் லித்தியம் அயனி பேட்டரி ஆய்வுக்காக மற்ற இருவரோடு நோபல் பரிசு பெற்றார். நமக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் பேட்டரி ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆனாலும் கடையில் நாம் வாங்கும் செல்களில் பெரும்பகுதி இன்னும் சீனாவிலிருந்துதான் வருகிறது.

தீ பயம் குறைவு என்றாலும் சூடு ஆகாது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் அதைவிட அதிகம் போகும். இந்த வேனில் பேட்டரி இருந்த இடமோ சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே. அங்கிருந்து எடுத்து, எதிர்ப்பக்கம் கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே, காற்று போக வர ஓட்டை போட்ட பெட்டியில் வைத்தார்கள்.

வேலை அன்றே முடியவில்லை. ஆல்டர்னேட்டர் திங்களன்று புதுச்சேரியில் சுற்றிக் கிடைத்தது. சார்ஜரும் கன்ட்ரோலரும் சென்னையிலிருந்து வர ஒரு வாரம். அந்த வாரத்துக் காளானை மகளின் விடுதித் தோழிகளும், எலெக்ட்ரீஷியன் தெருவும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வரும்படி ஒன்றுமில்லை.

காத்திருந்த நாட்களில் வேன்காரரின் மனைவி கரைப்பக்கம் நடந்து போய்ப் பார்த்தார். பிள்ளைச்சாவடியின் கரை நிலைமை வெளியூர்க்காரருக்கு அதிகம் தெரியாது. வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கடலில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் தடுப்புச் சுவர்கள் கட்டிய பிறகு, மணல் தெற்கே தேங்கி, வடக்கே வர வேண்டியது வராமல் போனது. முதலில் நகரத்துக் கடற்கரை மறைந்தது. அதைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கல் கொட்டக் கொட்டப் பசி வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைச்சாவடியில் வீடுகள் கடலுக்குள் போயிருக்கின்றன. தடுப்பு கேட்டு மக்கள் சாலையில் உட்கார்ந்தும் இருக்கிறார்கள்.

எலெக்ட்ரீஷியனின் அக்கா வீடு கரையோரத் தெருவில். வாசலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருக்கூட இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் சாமான்களை உள்தெருவுக்குத் தூக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயல் அனுபவத்தில் எல்லாரும் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில், ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, அந்த இன்வெர்ட்டர் பேட்டரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆசிட் நிரம்பிய 55 கிலோ. சாய்க்கவும் கூடாது. ஆண்கள் இருவர் தூக்க வேண்டும், அவர்களோ படகுகளை மேலேற்றப் போயிருந்தார்கள். வீட்டில் அக்காவும் மாமியாரும். பேட்டரி தண்ணீரில் நின்றது.

இப்போது அந்த வீட்டில் வேனில் இருக்கும் அதே அளவு லித்தியம். எடை 12 கிலோ, ஒரு குடம் தண்ணீரை விடக் குறைவு. பாதி வரை மட்டுமே பயன்படுத்த வேண்டிய 150 ஆம்பியர்-ஹவர் ஆசிட் பேட்டரி கொடுப்பது 75. எண்பது சதவீதம் எடுக்கக்கூடிய இந்த 100 கொடுப்பது 80. "ரெண்டு வயரைக் கழட்டினா இடுப்புல வெச்சுக்கிட்டுப் போயிடுவேன்" என்று அக்கா காட்டினார். வேன்காரர் மனைவி அதைத் தூக்கிப் பார்த்தார். விலை அதிகம் என்று அதுவரை கணவரிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. (இன்வெர்ட்டரிலும் லித்தியம் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்தே மாற்ற வேண்டும். பழைய இன்வெர்ட்டரில் அது இருக்காது.)

மழைக்காலத்துக்கும் இது தோது. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இரண்டு மணி நேரம் அடித்தால் அதிகம். ஆசிட் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை வாங்க மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். லித்தியம் கிடைத்த வெயிலை அப்படியே விழுங்கும். அரைகுறையாகக் கிடந்தாலும் கெடாது. சொல்லப்போனால் நீண்ட நாள் சும்மா வைக்கும்போது பாதியில் வைப்பதே நல்லது.

எல்லாருக்கும் இது தேவையா என்றால், இல்லை. நகராத வீடு, வாரத்தில் ஒரு மணி நேர மின்தடை என்றால் ஆசிட் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டாலே பல வருடம் ஓடும். பழசானால் எடை போட்டுப் பணம் கொடுப்பார்கள். பழைய லித்தியத்துக்கு இன்றைக்கு அந்தச் சந்தை இல்லை. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர் திரும்பப் பெற வேண்டும் என்று இருப்பதால், பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் சுமக்கும் மருந்து தெளிப்பான் வைத்திருப்பவர்கள் மாற்றலாம். 12 வோல்ட், 8 ஆம்பியர்-ஹவர் ஆசிட் பேட்டரி இரண்டரை கிலோ இருக்கும். லித்தியம் அதில் பாதிகூட வராது. நாள் முழுக்கத் தெளிப்பவரின் தோளுக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் பழைய சார்ஜரைச் செருகக்கூடாது. லித்தியத்துக்கென்று உள்ளதையே வாங்க வேண்டும்.

வேன் கிளம்பிய அன்று சோதனைக்காக இரவு முழுவதும் குளிர்பெட்டியும் விசிறியும் ஓடின. காலை ஆறு மணிக்கு மகள் மீட்டரைப் பார்த்து 41 என்றாள். எலெக்ட்ரீஷியன் கூலியோடு அரைக் கிலோ காளானும் வாங்கிக்கொண்டு, கரைப்பக்கம் ஒரு படகின் விளக்கைப் பார்க்கப் போய்விட்டார். வேன் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் சாலையில் வடக்கே போனது.